யாரும் நோயால் சாகாத வீடு

மூத்தவளின் கையிலிருந்து எடுத்த இரத்தம், குழாய்க்குள் போனதுமே கிழக்குப் பக்கமாகச் சாய்ந்து நின்றது. குழாய் நேராகத்தான் இருந்தது. குழாயைச் செருகிய தாங்கியும், தாங்கி இருந்த மேசையும் நேராக இருந்தன. சோதனைக்கூடத்து ஆள் மேசைக்காலுக்கு அடியில் அட்டையை மடித்துச் செருகிப் பார்த்தார், பிறகு அட்டையை உருவிவிட்டார். இரத்தம் மட்டும் கண்ணாடியின் ஒரு பக்கத்தில் ஒரு விரல் ஏறி, மறுபக்கத்தில் அதே அளவு இறங்கி, பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஆள் தூணில் சாய்ந்து நிற்பதுபோல நின்றது. குழாயைத் திருப்பினால் உள்ளுக்குள்ளேயே வழுக்கி மறுபடி கிழக்கைப் பிடித்துக்கொண்டது. இதைப் படிவத்தில் எங்கே எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. நிறத்தைக் கேட்டிருந்தார்கள், அளவைக் கேட்டிருந்தார்கள், உறைந்ததா என்று கேட்டிருந்தார்கள். எந்தத் திசை என்று யாரும் கேட்டிருக்கவில்லை.

மூத்தவள் ஒரு ரொட்டிக் கடையின் பின்கட்டில் மாவு பிசைபவள். கூடப் பிறந்தது ஒரே தம்பி. அவள் நன்றாகத்தான் இருந்தாள், ஒரு காலையில் அடுப்பின் மணி அடிக்கும்வரை. தினமும் அடிக்கிற மணிதான். அன்று அது அடித்ததும் பிசைந்துகொண்டிருந்த மாவிலேயே முகம் குப்புற விழுந்தாள், இதயம் நின்றுவிட்டது. கூட வேலை செய்தவள் அவளைப் புரட்டிப் போட்டு, நெஞ்சையும் மாவு மாதிரியே நினைத்து இரண்டு கையாலும் அழுத்தி அழுத்தி உயிரைத் திருப்பிக் கொண்டுவந்தாள். மாவில் பதிந்த முகம்தான் போகவில்லை. எத்தனை தடவை பிசைந்தாலும் மூக்கும் புருவமும் திரும்ப எழும்பின. கடைக்காரர் வீணாக்க மனமில்லாமல் அப்படியே சுட்டு விற்றார். ரொட்டி தன்னை முறைக்கிறது என்று ஒருவர் மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இதய டாக்டர் இ.சி.ஜி. தாளை நீளமாக விரித்துப் பார்த்தார். ஒரு துடிப்பு முடிந்து அடுத்ததற்குத் தயாராக இவள் இதயம் மற்றவர்களைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்கிறது என்றார். அந்த இடைவெளியில் திடீரென்று ஒரு சத்தம் வந்து விழுந்தால் இதயம் தாளம் தப்பி நின்றுவிடும். இது பரம்பரையாக வரும், இரத்தத்தைச் சோதித்தால் தெரியும். "குடும்பத்துல யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்திருக்காங்களா?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுல யாரும் நோய்ல செத்ததே இல்ல டாக்டர்," என்றாள் அம்மா. அவள் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "எல்லாம் விபத்துதான். கெட்ட நேரம், கண் பட்டுப்போச்சு. ஆனா உடம்புன்னு பாத்தா ஒவ்வொருத்தரும் இரும்பு."

அது ஊருக்கே தெரிந்த விஷயம். மாமனார் ஏணியிலிருந்து விழுந்து போனார். கொழுந்தனார் தண்ணீர்த் தொட்டியில் மூழ்கிப் போனார். அவளுடைய கணவர் சுவிட்ச் பலகையில் கைவைத்து, ஷாக் அடித்துப் போனார். ஒருவரும் நாற்பதைத் தாண்டவில்லை. ஆகவே அம்மா இரண்டு பிள்ளைகளையும் காப்பாற்றுவதற்கு என்னென்ன செய்ய வேண்டுமோ அத்தனையும் செய்திருந்தாள். அந்த வீட்டுக்குள் ஏணி நுழைந்ததில்லை. உயரத்தில் இருந்த பல்புகள் ஒவ்வொன்றாகப் போனபோது அந்தந்த அறையை இருட்டுக்கே விட்டுவிட்டார்கள். சுவிட்சை மரக்கரண்டியால் தட்டினார்கள். குளிப்பதற்குக் கூட வாளியில் பாதிக்கு மேல் தண்ணீர் பிடிக்கவிடமாட்டாள். அதே வீட்டில்தான் தெருவிலேயே பெரிய சத்தம் போடும் காலிங் பெல் இருந்தது. அவசரமாக எழுந்து ஓடினால் பிள்ளைகள் வழுக்கி விழுவார்கள் என்று, நேரத்தோடு எழுப்பிவிட இரண்டு மணிகள் வைத்த அலாரக் கடிகாரத்தையும் அவளே தேடி வாங்கியிருந்தாள். ஒவ்வொரு விடியலிலும் அது பிள்ளைகளின் தலைமாட்டில் தகர டப்பாவை உருட்டியதுபோல அலறியது. பிள்ளைகள் திடுக்கிட்டு எழுந்தார்கள். அவள் நிம்மதியாக மூச்சு விட்டாள்.

சாய்ந்த இரத்தத்தை என்ன செய்வது என்று மருத்துவமனையில் யாருக்கும் தெரியாததால், அது பரம்பரை நோய்களுக்காக வீடு வீடாகப் போகிற நர்ஸ் கைக்கு வந்தது. நர்ஸ் அதிகம் யோசிக்கவில்லை. குழாயைச் சட்டைப் பையில் குத்தி வைத்துக்கொண்டு அது காட்டிய பக்கம் நடந்தார். பஸ் நிலையம் தாண்டி, மரக்கடை தாண்டி, ஊர்க் கடைசியில் தீயணைப்புப் படைக்கு ஆள் பழக்குகிற மைதானத்துக்கு அது கூட்டிக்கொண்டு போனது. அங்கே தோளில் குழாய்ச்சுருளோடு ஓடிக்கொண்டிருந்த ஒருவனைக் கண்டதும் இரத்தம் முழுவதும் ஒரே பக்கமாக ஏறி, வெளியே போனவர் திரும்பியதும் கதவைப் பிராண்டுகிற நாய்க்குட்டி மாதிரி கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. அவன் இடது பக்கம் ஓடினால் இடது, வலது பக்கம் ஓடினால் வலது. அவன் மூத்தவளின் தம்பி. சின்ன வயதிலிருந்தே எங்கே புகை கிளம்பினாலும் மண் வாளியோடு போய் நிற்பான் என்பதால் ஊரில் அவன் பெயர் வாளி.

வாளி இரத்தத்தைப் பார்த்தான், நர்ஸைப் பார்த்தான். "என்ன சிஸ்டர், நான் போற பக்கமெல்லாம் வருது? கல்யாணம் பண்ணிக்கச் சொல்லுதா?"

"சோதனை பண்ணிக்கச் சொல்லுது தம்பி. ஒரு ஊசி, ஒரு இ.சி.ஜி. அவ்வளவுதான். உங்க அக்காவுக்கு இருக்கறது உங்களுக்கும் இருக்கும்போல."

"எனக்கா? உடம்பு பரிசோதனையில முதல் ஆளு நான்தான். எங்க வீட்டுல விழுந்து சாவோம், ஷாக் அடிச்சு சாவோம், மூழ்கி சாவோம். நோயெல்லாம் எங்களுக்குப் பழக்கமில்ல." கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. "அதனாலதான் சிஸ்டர் இந்த வேலைக்கே வந்தேன். எங்கப்பாவ அன்னிக்கு யாராவது பலகையில இருந்து பிரிச்சு எடுத்திருந்தா இருந்திருப்பாரு. அந்த யாராவதா இருக்கணும்னு வந்தேன். திங்கக்கிழமை நிலையத்துல சேரணும். இப்ப போய் இதயம் சரியில்லன்னு எழுதிட்டீங்கன்னா வீட்டுக்கு அனுப்பிருவாங்க."

நிலையத்தில் வீரர்கள் காத்திருக்கும் அறையின் கூரைமேல்தான் ஊரின் பெரிய சைரன் இருந்தது. அது ஊதினால் மூன்று தெரு தள்ளி இருக்கும் ஜன்னல் கண்ணாடிகூட நடுங்கும். நர்ஸ் வழியில் நின்று அதை நிமிர்ந்து பார்த்துவிட்டு, நேராக அவர்கள் வீட்டுக்குப் போனார்.

வீட்டில் அம்மாவும் மூத்தவளும் இருந்தார்கள். அப்பாவின் அக்காவான டிக்கெட் அத்தையும் வந்திருந்தார். வேலைக்காலம் முழுவதும் சினிமா தியேட்டரில் டிக்கெட் கிழித்தவர் அவர். படம் பார்க்காமலே, வெளியே வருகிறவர்களின் முகத்தை வைத்து முழுக் கதையையும் சொல்லிவிடுவார். அந்தக் குடும்பத்தில் ஒரு சாவு விழுந்தால் முதலில் தகவல் போவது அத்தைக்குத்தான். உடல் குளிர்வதற்குள் அவர் வந்து நிற்பார். துக்கம் கேட்க வருகிறவர்களுக்கு என்ன நடந்தது என்று எடுத்துச் சொல்வதும் அவர்தான். நர்ஸ் குழாயை மேசைமேல் வைத்து, போனவர்களைப் பற்றி முதலிலிருந்து கேட்டார். அத்தை ஏணியை ஆரம்பித்தார். ஏணியின் மூன்றாம் படி இற்றுப்போயிருந்ததை அவர் விவரித்த அழகில் மூத்தவளுக்கே கண் கலங்கியது. அப்போது நர்ஸின் போன் அலறியது. மேசைமேல் இருந்த இரத்தம் துள்ளி மூடியில் மோதியது. ஒரு கணம் அப்படியே அந்தரத்தில் நின்றது, பிறகு மெதுவாகக் கீழே இறங்கிப் பழையபடி சாய்ந்துகொண்டது.

நர்ஸ் போனை அணைத்தார். "ஏணியில இருந்து விழுந்தப்போ ஏதாவது சத்தம் கேட்டுச்சா?" என்று கேட்டார்.

"ஆலைச் சங்கு ஊதுச்சு," என்றார் அத்தை, யோசிக்காமல். சொன்ன பிறகுதான் வாயை மூடிக்கொண்டார்.

"தொட்டியில?"

"பக்கத்துல ரயில் போச்சு. இப்ப அதுக்கென்ன?"

நர்ஸ் மூன்றாவதைக் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவும் இல்லை. அம்மா தன் வலது முழங்கையை இடது கையால் பிடித்துக்கொண்டு சுவரோடு சுவராக நின்றாள். அன்று அவள் கடைவீதியிலிருந்து திரும்பியிருந்தாள். இரண்டு கையிலும் பை. கதவு பூட்டியிருந்தது. கணவர் உள்ளே தூங்கிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்து, முழங்கையால் காலிங் பெல்லை அழுத்தினாள். அவர் எழுந்து வருவதாகத் தெரியவில்லை, அதனால் இன்னும் நன்றாக அழுத்தினாள். பிறகு ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அவர் சுவிட்ச் பலகைக்குக் கீழே கிடந்தார். 

"நான்தான் மணி அடிச்சேன்," என்றாள் அம்மா. "அண்ணி, நான்தானே அடிச்சேன்? உங்களுக்குத் தெரியுமா?"

அத்தை மன்னிப்புக் கேட்கிற சாதி இல்லை. அவருக்குக் கோபம்தான் வந்தது. "தெரியும். எங்க அப்பா போனப்பவே தெரியும். சத்தம் கேட்டாச் சாவுற வம்சம்னு ஊர்ல சொல்லியிருந்தா உன்னைய இந்த வீட்டுக்குக் கட்டிக் கொடுத்திருப்பாங்களா? என் தங்கச்சிங்கள யாரு கட்டியிருப்பா? ஏணி விழுந்தது நெசம். தொட்டியில தண்ணி இருந்தது நெசம். ஏன் விழுந்தாங்கன்னு ஒருத்தரும் கேக்கல, நானும் சொல்லல. உன் புருஷன் விஷயத்துல நான் ஊருக்காகக்கூட மறைக்கல. மணிச் சத்தத்துல போனான்னு சொல்லியிருந்தா, அந்த மணிய அடிச்ச கையோட நீ எப்படிம்மா இத்தனை வருஷம் சோறு தின்னிருப்ப?"

அன்றிலிருந்து அம்மா பேசவே இல்லை. வார்த்தை வராமல் போனதல்ல. வாயைத் திறந்தால் பெல் சத்தம் வந்தது. அதே பழைய பெல், அதே நீளம். மூத்தவளின் உயிருக்கு ஆபத்து என்று அம்மா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். சாப்பிடும்போது மட்டும் தடியாக மடித்த ஒரு துணியை வாயருகே பிடித்துக்கொண்டு திறந்தாள். நர்ஸ் அந்த வீட்டுக் காலிங் பெல்லைக் கழற்றினார், அலாரக் கடிகாரத்தை எடுத்துப்போனார். மூத்தவளுக்கு டாக்டர் கொடுத்த மாத்திரைகள் வேலை செய்ய ஆரம்பித்திருந்தன. மிச்சம் இருந்தது வாளி.

அவனிடம் சொல்லும் வேலை அத்தையின் தலையில் விழுந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அத்தை ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். அதுதான் தப்பாகப் போயிற்று. "இது உன் பழைய கதை மாதிரி இல்லையே அத்தை," என்றான் வாளி. "ஏணியைச் சொல்றப்ப படியெல்லாம் கண்ணு முன்னால வரும். இது சப்புன்னு இருக்கு. யாரு சொல்லிக் கொடுத்தது, அக்காவா?" அத்தை தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். "இத்தனை வருஷம் நீ சொன்னதுல எது பொய்னு இன்னிக்குத்தான் சொல்ற. அப்ப இன்னிக்குச் சொல்றதுல எது பொய்னு எப்ப சொல்லுவ?" அம்மா சொன்னால் நம்பியிருப்பான். அம்மா அவன் முன்னால் வந்து நின்றாள். அவன் கையைப் பிடித்தாள். வாயைத் திறக்கப் போனவள், அந்தச் சத்தம் பிள்ளையின் காதருகே கேட்டால் என்ன ஆகும் என்று நினைத்துத் திறக்காமலே நின்றாள். வேலைக்குப் போகிற பிள்ளையைப் பிரிய மனமில்லாமல் நிற்கிறாள் என்று அவன் எடுத்துக்கொண்டான்.

நர்ஸ் மட்டும் சும்மா இருக்கவில்லை. சோதனைக்கு வராதவனை இழுத்து வர அவருக்கு அதிகாரம் கிடையாது. ஆனால் நின்ற இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் பெட்டி ஒன்றைத் தீயணைப்பு நிலையத்தில் கொண்டுபோய் வைக்க யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. திங்கட்கிழமை காலை அதை நிலைய அதிகாரியின் கையில் கொடுத்து, எங்கே ஒட்டுவது, எதை அழுத்துவது என்று சொல்லிக்கொடுத்தார். "யாருக்கு?" என்று அதிகாரி கேட்டார். "யாருக்காவது," என்றார் நர்ஸ்.

அன்று மூத்தவள் வேலைக்குப் போகவில்லை. குழாயை மேசைமேல் வைத்து எதிரில் உட்கார்ந்திருந்தாள். இரத்தம் வடக்கே, நிலையத்தின் பக்கம் சாய்ந்திருந்தது. பகல் ஏறிக்கொண்டிருந்தபோது மரக்கடைப் பக்கம் புகை எழுந்தது, சைரன் ஊதியது. மூத்தவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள், கண்ணை மூடவில்லை. இரத்தம் துள்ளியது. துள்ளிய இடத்திலேயே நின்றது. பிறகு இறங்கியது, இறங்கி மட்டமாகப் படுத்தது. எல்லோருடைய இரத்தமும் குழாயில் எப்படி நிற்குமோ அப்படி, எந்தத் திசையும் இல்லாமல் நின்றது. 

அம்மா அதைப் பார்த்தாள். செருப்பைக்கூடத் தேடவில்லை. தெருவில் இறங்கி ஓடினாள், ஓடிக்கொண்டே வாயைத் திறந்தாள். முதலில் பெல் சத்தம்தான் வந்தது. அந்தச் சத்தம் கேட்டு வழியெல்லாம் மக்கள் யாரோ வந்திருக்கிறார்கள் என்று தங்கள் கதவைத் திறந்து பார்த்தார்கள். திறந்த கதவுகளுக்கு நடுவே அவள் ஓடினாள். பஸ் நிலையத்தருகே மூச்சு முட்டி நின்றபோது சத்தம் தீர்ந்து, அடியில் கிடந்த வார்த்தைகள் வெளியே வந்தன. "நான்தான் அடிச்சேன். அவருக்கு ஷாக் அடிக்கல. நான்தான் மணி அடிச்சேன்." பஸ்ஸுக்கு நின்றவர்களிடம் சொன்னாள், பழக்கடைக்காரனிடம் சொன்னாள், ஒன்றும் புரியாமல் வழிவிட்ட போலீஸ்காரரிடமும் சொன்னாள்.

வீட்டில் மூத்தவள் குழாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வெகுநேரம் போனதுபோல இருந்தது. பிறகு இரத்தத்தின் வடக்கு ஓரம் லேசாக, தூக்கத்தில் புருவம் அசைவதுபோல உயர்ந்தது. தாழ்ந்தது. மறுபடி உயர்ந்து அங்கேயே நின்றது.

நிலையத்தில் வாளி சட்டை கிழிந்து தரையில் கிடந்தான், மூச்சு வந்துகொண்டிருந்தது. நிலைய அதிகாரி பெட்டியைக் கையில் பிடித்தபடியே பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். மின்சாரத்துக்குப் பயந்து மரக்கரண்டியால் சுவிட்ச் போட்டவளின் பிள்ளையை மின்சாரம்தான் எழுப்பியது என்பதை அப்போது யாரும் யோசிக்கவில்லை. அம்மா வந்து அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, முழங்கையைக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னாள். வாளி கேட்டுக்கொண்டிருந்தான்.

"நீ அடிக்கலன்னா பால்காரன் அடிச்சிருப்பாம்மா," என்றான் கடைசியில். "அவனும் கையில பாத்திரத்தோடதான வருவான்." பிறகு, "ஊசிக்காரம்மாவ வரச் சொல்லு."

அவன் இரத்தமும் சாய்ந்தது, அக்காவின் பக்கம். மாத்திரை கொடுத்தார்கள், நெஞ்சுக்குள் ஒரு சின்னக் கருவி வைத்துத் தைத்தார்கள். நெருப்புக்குள் ஓடும் வேலை அவனுக்கு இல்லை என்று ஆயிற்று. ஒரு வாரம் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தான். பிறகு நிலைய அதிகாரியே வந்து, தகவல் வாங்கி வண்டியை அனுப்பும் இருக்கையில் அவனை உட்கார வைத்தார். கூரைமேல் இருந்த சைரனை இறக்கிவிட்டு அங்கேயும் வண்டி மேலேயும் பெரிய சிவப்பு விளக்கு ஏற்றினார்கள். வண்டி வரும்போது தெருவில் சத்தம் வராது, சுவர்களெல்லாம் சிவந்து சிவந்து மங்கும். தீ அணைக்கப் போகிறவர்கள் தீ மாதிரியே வருகிறார்கள் என்று கொஞ்ச நாள் கேலி பேசினார்கள், அப்புறம் பழகிவிட்டது.

ஊருக்குள் வேறு யார் பக்கமும் சாயாத அந்தக் குழாய், ஊரைத் தாண்டியதும் ஓய்வே எடுக்கவில்லை. அத்தையின் தங்கைகள் வாழ்க்கைப்பட்ட ஊர்களுக்கெல்லாம் நர்ஸ் அதை பஸ்ஸில் கொண்டுபோனார். முதலில் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில், கல்யாணத்துக்கு நிச்சயமான பெண்ணைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்தார்கள். இரத்தம் கட்டிலுக்கு அடியையே காட்டியது. இன்னொரு ஊரில் பஸ்ஸிலேயே சாய்ந்தது, ஓட்டுநர் பக்கமாக. அவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, எங்கள் வீட்டிலும் எல்லோரும் விபத்துதான் என்றார். ஒருத்தியின் வீட்டில் அவள்மேல் சாயாமல் அவள் வயிற்றின்மேல் சாய்ந்தது. அந்தக் குழந்தை பிறந்தபோது பிரசவ அறையில் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள், குழந்தை மட்டும் தன் பங்குக்கு அலறியது.

பெயர் சொல்லிக் கேட்டால் எந்த வீட்டிலும் நோய் இல்லை. வழுக்கி விழுந்தார்கள், மாடு முட்டியது, வெயில் தாங்கவில்லை. நர்ஸால் இதையெல்லாம் பிரித்தெடுக்க முடியவில்லை. அப்போதுதான் டிக்கெட் அத்தை கூடப் போக ஆரம்பித்தார். பாம்பின் கால் பாம்பறியும். எதிரில் இருப்பவர் மாடு முட்டியதை வர்ணிக்க ஆரம்பித்ததும் கையைத் தட்டி நிறுத்துவார். "மாடு முட்டுச்சு, சரி. நல்லா சொல்றீங்க. நானா இருந்தா கொம்புல கொஞ்சம் ரத்தம் சேத்திருப்பேன். இப்ப சொல்லுங்க, மாடு வர்றதுக்கு முன்னாலயே அவரு கீழ விழுந்துட்டாருல்ல?" எதிரில் இருப்பவர்கள் பார்ப்பார்கள், அழுவார்கள், பிறகு சொல்வார்கள். அப்படி எத்தனையோ வீடுகளில் ஏணிகள் திரும்பி வந்தன. மணிகள் இறங்கின. இரத்தம் சாய்ந்தவர்களில் நாற்பது வயதைத் தாண்டியவர்கள் அந்த வம்சத்தில் முதல் தடவையாகத் தென்பட ஆரம்பித்தார்கள். தலை நரைத்ததைப் பார்த்து அவர்களே பயந்துபோய் டாக்டரிடம் வந்து காட்டினார்கள்.

இப்போது நர்ஸின் அறை ஜன்னலோரத் தாங்கியில் நிறையக் குழாய்கள் இருக்கின்றன. ஒன்று இன்னொன்றின் சொந்தக்காரரைப் பார்த்துச் சாய்ந்து நிற்பதால், கூட்டமான பஸ்ஸில் நிற்பவர்கள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் இருக்கும். நர்ஸ் அவற்றைத் துடைத்து வைப்பார், வேறொன்றும் செய்வதில்லை. போன வாரம் ஒரு மத்தியானம் அவர் எதையோ எழுதிக்கொண்டிருந்தபோது எல்லாக் குழாய்களிலும் இரத்தம் ஒன்றாக வாசல் பக்கம் திரும்பியது. அவர் நிமிரவில்லை. காலால் எதிர் நாற்காலியை மேசைக்கு அடியிலிருந்து வெளியே தள்ளினார். அதற்குப் பிறகுதான் ஒருவர் வாசலில் வந்து நின்றார். எங்கோ தூரத்திலிருந்து சரக்கு ஏற்றி வந்த லாரிக்காரர், அந்தப் பக்கத்தில் யாரையும் தெரியாதவர். நெடுஞ்சாலைக்கு எப்படிப் போக வேண்டும் என்று கேட்டார்.

"வழி அப்புறம் சொல்றேன்," என்றார் நர்ஸ். "உள்ள வந்து உக்காருங்க தம்பி. மொதல்ல போனை சைலன்ட்ல போடுங்க."

அவர் போட்டார்.